நாள் வாடகை

தூக்குமேடை வண்டி என்னுடையது.
நாளுக்கு நூற்று நாற்பது டாலர், டீசல் தனி.
இரும்புக்கடையின் தெற்குச் சுவருக்குப் பத்து நாள் என்று
நகரசபை காசோலை தந்தது.
ஓவியக்காரிக்கு ஒரு கடிதம்:
கண்ணுக்கு இதமாக இருக்கட்டும்,
வருத்தமான எதுவும் வேண்டாம்.

ரோவீனா வபாசே அதை நாலாக மடித்து
ஆடிய பெயின்ட் வாளிக்கு முட்டுக் கொடுத்தாள்.

இரண்டு நாள் மழை. வாடகை ஓடியது.
மூன்றாம் நாள் கரிக்கட்டியால் ஒரே இழுப்பு,
முப்பத்தாறு அடி.
ஸ்டர்ஜன் என்றாள். அவர்கள் பேச்சில் நமே.
எங்கள் ஆற்றில் நான் அதைப் பார்த்ததில்லை.
அணை வந்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன் நான்.

கடைக்காரர் ஆர்வோ லஹ்தி கீழே நின்று கத்தினார்:
தலை கார் நிறுத்தும் பக்கம் இருந்தால் தேவலை,
வருகிறவர்கள் படம் எடுப்பார்கள்.

முட்டையிட இது எந்தப் பக்கம் போகும், ஆர்வோ?

ஆற்றுக்கு எதிரே, மேலே.
ஆனால் மேலே அணை இருக்கிறதே.

தெரிந்துதான் போகிறது என்றாள்,
தூரிகையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

முகம் அணைப் பக்கம் திரும்பிற்று.

வயிறு வரவேண்டிய இடத்தில் எரிவாயு மீட்டர்.
கழற்ற முடியாது என்றது கம்பெனி.
உள்ளே இருப்பதை வெளியே காட்டித்தான்
நாங்கள் வரைவோம் என்றாள்,
மீட்டரைச் சுற்றி முட்டைகள் வைத்தாள்,
கறுப்பாக, நெருக்கி நெருக்கி,
குழாயின் பின்பக்கம்கூட.
இப்போது வட ஒண்டாரியோவின் ஜனவரியில்
அளவெடுக்க வரும் பையன்
மண்வெட்டியால் பனியை அள்ளி
முட்டைகளைத் தோண்டி எடுத்த பிறகுதான்
எண்ணைக் குறித்துக்கொள்கிறான்.

திறப்புவிழாவில் மேயர் பாரம்பரியம் என்றார்.
திரும்பவும் பாரம்பரியம் என்றார்.
ஏரிக்கு அப்பாலிருந்து, அவர்கள் நிலத்திலிருந்து,
இரண்டு பஸ்ஸில் வந்தவர்கள்
மடக்கு நாற்காலிகளில் உட்காராமல்
சுவருக்குக் கிட்டே போய் நின்றார்கள்.
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு மீன் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர்
வாலைக் காட்டி அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
ரோவீனா முகத்தை மூடிக்கொண்டு அதிகமாகச் சிரித்தாள்.

வாலின் மேல்மடல் குட்டையாம்.

சாவியைக் கொண்டுவா என்றாள் என்னிடம்.
மேயர் கேக் வெட்டிக்கொண்டிருக்க
நாங்கள் இருவரும் மேலே போனோம்.

பதினோராம் நாளுக்கும் பில் போட்டேன்.
ஒப்பந்தம் பத்து நாள்தான் என்று
மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஆக, அந்தக் கடைசி ஒரு முழம் மட்டும்
இன்றுவரை
என் கடனில் நீந்துகிறது.