முப்பத்தாறு சுருள்

மார்ச் மாதம் மீட்டர்களைக் கழற்றிப்போனார்கள்,
லயம் முழுக்க, ஒரே காலையில்,
பல் பிடுங்குவதுபோல.
சுவரில் நான்கு திருகாணி ஓட்டை மிச்சம்.
கிராணி கையெழுத்து வாங்க வந்தான்.
அவன் பேனா எழுதவில்லை.
நாங்கள் பேனா தரவில்லை.

புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் விளக்கு எரியும்.
மோட்டார் சைக்கிளில் ஆறு நிமிடம்.
இடையில் செம்பனை, செம்பனை,
பிறகு செம்பனை இருந்த நிலம்.

அடுக்குமாடிக்குப் போனவர்கள்
கட்டிலைக் கொண்டுபோனார்கள், சாமிப் படத்தை,
ஒருவர் கோழிக்கூண்டைக்கூட.
வாஷிங் மெஷின்களை மட்டும் விட்டுப்போனார்கள்.
பதினோரு வீட்டுப் பின்கட்டில் பதினோரு மெஷின்
வாயைத் திறந்து மழை குடித்தபடி.
தவளை குடியேறிய ஒன்றை நாங்கள் தொடவில்லை,
யாரையும் கிளப்பும் எண்ணம் எங்களுக்கில்லை.

மற்றதையெல்லாம் நானும் இருதயமேரியும் கவிழ்த்தோம்.
பெல்ட் போட்ட பழைய மோட்டார் ஆகாது.
காந்தம் இல்லாதது எவ்வளவு சுற்றினாலும்
எதுவும் தராது.
அந்த மாதிரி ஆட்களோடு இருவரும் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்,
அதனால் சட்டென்று புரிந்தது.
தோசைக்கல் அகலத்தில் காந்த வட்டம் உள்ளது
மூன்றுதான் தேறியது.
அதில் ஒன்று பரஞ்சோதி வீட்டு மெஷின்.
காந்தத்தில் ஒரு கொண்டை ஊசி
இன்னும் ஒட்டியிருந்தது.

உள்ளே முப்பத்தாறு செப்புச் சுருள்.
வெட்டிப் பிரித்து, மூன்று கூட்டமாய் மறுபடி சேர்க்கவேண்டும்.
இருதயமேரி பினாங்கு தொழிற்சாலையில்
நாலு வருஷம் நுண்ணோக்கிக்கு அடியில் கம்பி ஒட்டியவள்.
ஈயம் அவள் சொன்ன இடத்தில் விழும்.
நான் டார்ச் பிடித்தேன்.
கை நடுங்கியதற்கு ஏச்சும் வாங்கினேன்.

கையால் திருப்பினால்
ஒவ்வொரு பல்லிலும் நின்று நின்று நகர்ந்தது,
கடன் கேட்டு வந்தவனுக்குக் கதவு திறப்பதுபோல.
இரண்டு இரவு அரம் போட்டு
முனைகளை மழித்தோம்.

இறக்கைக்குக் குளியலறைக் குழாய், நீளவாக்கில் கீறியது.
கம்பத்துக்கு, பூட்டிக்கிடக்கும் பாலர்பள்ளியின் கொடிக்கம்பம்.
வாலுக்குத் தகரம் வேண்டும்.
வாசலில் அவர்கள் நட்ட பலகை நல்ல தகரம்,
சிவப்பில் டிலாராங் மாசோக் என்று எழுதியது.
அதையே வெட்டாமல் பொருத்தினோம்.
காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும்
நுழையாதே நுழையாதே என்று
அதுவும் கூடவே திரும்பும்.

ஆனால் காற்றுதான் இல்லை.
பத்தொன்பது நாள் ஓர் இலை அசையவில்லை.
பழைய இரும்புக்கடை ஆ லோக் வந்து அண்ணாந்து பார்த்தான்,
செம்பு கிலோ என்ன விலை என்று சொன்னான்,
போய்விட்டான்.
இருதயமேரி விசிறியால் விசிறிக் காட்டினாள்.
சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்கவேண்டியிருந்தது.

ஜூலையில் ஒரு விடிகாலை, நாலு மணி இருக்கும்,
கடல் பக்கமிருந்து சுமத்ரா வந்தது.
முதலில் தகரம் பேசியது. பிறகு கூரை.
பிறகு மேலே, துணி பிழியும்போது போடுமே,
அதே சத்தம்,
பரஞ்சோதி வீட்டிலிருந்து மதியம் மூன்றுக்கு
எனக்குக் கேட்கும் அதே சத்தம்.
மீட்டர் முள் ஒன்பது. பன்னிரண்டு. பதினாலு.
லோரி பேட்டரி குடிக்கத் தொடங்கியது.

வேகம் மிஞ்சினால்
மூன்று கம்பியையும் ஒன்றாய்ப் பிணை, நின்றுவிடும்.
அது எனக்குத் தெரியும்.
கம்பிகள் என் கையில்தான் இருந்தன.
பிணை பிணை என்று கத்துகிறாள் இருதயமேரி.
நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு மாதமாகப் பார்க்காத சுவர்.
பூஞ்சை இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது.
இவள் நெற்றியில் ஈயம் சுட்ட தழும்பு.
ஜன்னலுக்கு வெளியே
கொடியில் நான் எடுக்க மறந்த துணிகள்
கைகால் எல்லாம் உதறுகின்றன.
மார்ச்சிலிருந்து அவற்றைக்
கையால்தான் துவைக்கிறேன்.

அப்போதுதான் மேலே ஏதோ முறிந்தது.
பிணைத்தேன். இருட்டு.

இறக்கை ஒன்று குறைகிறது.
விடிந்ததும் தேடவேண்டும்.
போன திசையைப் பார்த்தால்
ஆபீஸ் கூரைமேல்தான் கிடக்கும்.
ஏணி வேண்டும் என்று
கிராணியிடமே கேட்கலாம் என்கிறாள் இவள்.