வீட்டில் பேசும் மொழி

விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி:
வீட்டில் பேசும் மொழி.
ஒற்றைக் கோடு விட்டிருக்கிறார்கள்,
ஒரு சொல் அளவுக்கு.

பதினெட்டு நாளாக அது என் கைப்பையில்.
காரைதீவிலிருந்து அம்பாறைக்கும்
அம்பாறையிலிருந்து காரைதீவுக்கும்
பருவச்சீட்டோடு மடிந்து போய்வருகிறது.

தவநேசன் கணக்குப் பார்த்துவிட்டார்.
அனுமதிக்கு முப்பத்தையாயிரம்,
தவணைக்குப் பத்தொன்பது,
வெள்ளைச் சப்பாத்து, அதுவும் அவர்கள் சொல்லும் கடையில்.
"கடற்கரைப் பக்கம் கிரிசாந்தி டீச்சர்
முன்னூறு ரூபாய்க்கு எடுக்கிறா.
பாட்டும் தமிழ், ஏச்சும் தமிழ்.
மூணு மொழிய ஒண்டாத் தீத்தினா
புள்ளைக்குச் செமிக்குமா?"

நான் பேசாமலிருந்தேன்.
பகல் முழுக்க நான் பார்க்கும் வேலையே அதுதான்,
செமிக்க வைப்பது.
காணிக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர்.
நாவிதன்வெளிக்காரர் ஒருவர்
மூன்று தாளில் அழுததை
எட்டு வரிச் சிங்களமாக்கி மேலே அனுப்புவேன்.
மேலிருந்து வரும் இரண்டு வரியை
எப்படித் தமிழில் சொல்வதென்று
பேனையைத் திறந்து திறந்து மூடுவேன்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவில் போனோம்.
அவரும் வந்தார்,
தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

ரொமேஷா மிஸ் மூன்று மொழியிலும் வரவேற்றார்,
பெயர்ப்பலகையில் இருந்த அதே வரிசையில்.
கமரா இருக்கிறதாம். கொழும்பில் பயிற்சியாம்.
நான் பாதிதான் கேட்டேன்.
முழங்கால் உயரத்தில் ஒரு கைகழுவும் தொட்டி.
பாயைச் சுருட்டுவதற்கே
காலை முழுவதையும் செலவழிக்கும் ஒரு பொடியன்.
அரத்தாளில் வெட்டி ஒட்டிய அகரங்கள்;
கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தேன்,
எது எங்களுடையதென்று உடனே பிடிபடவில்லை.

துவாரகி ஒரு மூலையில்
சின்னக் கூசாவிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.
சிந்தியது. யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை.
சிஃபானா டீச்சர் ஒரு பஞ்சுத்துண்டைப்
பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.
பக்கத்துப் பையன் கூசாவில் கை வைத்தான்.
நெஞ்சோடு அதை இழுத்துக்கொண்டு,
இருபது நிமிடத்துக்குள் எவரிடம் பொறுக்கினாளோ,
என் மகள் சொன்னாள்:
"எபா!"

மூன்றரை வயது.
வீட்டில் பிடிக்காததற்குத் தலையைத் திருப்புவாள்,
அவ்வளவுதான்.

தவநேசன் தலைக்கவசத்தைக் கழற்றினார்.
"என்ன சொன்னவள்?"
"வேணாமெண்டு."

எனக்கு முதலில் வந்த சிங்களம் "பஹின்ன."
மாவடிப்பள்ளிப் பாலத்துக்கு இந்தப்புறம் பஸ் நிற்கும்.
ஏழு வயது.
அம்மா கைப்பிடியை விடுமுன்,
அர்த்தம் என்னவென்று கேட்குமுன்,
கால்கள் படியில் இருந்தன.
பிறகு இலக்கணம் படித்தேன்,
சோதனை எழுதினேன், சம்பளப் படி ஏறியது.
இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது
பின்னாலிருந்து அந்தச் சொல்லைச் சும்மா சொன்னால்
என் குதிக்கால் இருக்கையின் கீழ் தேடத் தொடங்கும்.

இறங்கு என்று கற்றவளின் பிள்ளை
வேண்டாம் என்று தொடங்குகிறாள்.
அதற்கு முப்பத்தையாயிரம் கூடுதலா, குறைவா?
தெரியவில்லை.
சீட்டில் என் முறை ஐப்பசியில்தான்.
அதுவரைக்கும் யாரிடம் மாறுவது என்பதை
நாங்கள் இன்னும் பேசவேயில்லை.

இரவு விண்ணப்பத்தை விரித்து
ஆறாவது கோட்டில் தமிழ் என்று எழுதினேன்.
எழுதியும் கோடு கொஞ்சம் மிச்சம் கிடந்தது.

அவர் முட்டையை மசித்துக்கொண்டு வந்தார்.
துவாரகி கிண்ணத்தைப் பார்த்தாள்,
தகப்பனைப் பார்த்தாள்.
"எபா."
"இந்தா, இந்தச் சொல்லை
வீட்டில மட்டும் சொல்லக்கூடாதெண்டு
அவளிட்டச் சொல்லு."

சொல்லவில்லை.
மொழிபெயர்ப்பாளருக்கும்
வேலை நேரம் முடிவதுண்டு.