பாக்கி 3-8-0

பழைய பேரேடுகளை எடைக்குப் போட
கிலோ பதினாலு ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று.
சாக்கைக் கட்டும் முன்
ஒன்றைப் பிரித்தது என் தப்பு.

பிராட்வே, விசாகப்பெருமாள் கண்ணாடிக் கடை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது.
எண்களெல்லாம் வலப்பக்கம் சாய,
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
எங்கள் ஊரில் யாரும் அப்படி ஏழு போடுவதில்லை.

லோத்தர் பிங்குஸ். பத்தொன்பது வயது.
பிரெஸ்லாவில் ஒரே ராத்திரியில்
யூதர் கடைக் கண்ணாடிகளெல்லாம் நொறுங்க,
துண்டுகளை மிதித்து நடந்து கப்பலேறியவன்
கண்ணாடிக் கடைக்கே வேலைக்கு வந்தான்.
மாதம் இருபத்தைந்து ரூபாய்.
மத்தியானச் சாப்பாடு அவன் பாடு.

தமிழை அவன் கற்றது
சுவரில் தொங்கிய பரிசோதனை அட்டையில்.
மேல் வரிசையில் பெரிதாய் ட, ப, ம.
கடைசி வரிசையில் பொடியாய் ஒரு ழ.
"கீளே படிங்கோ" என்பானாம்.
படிக்க முடியாத கிழவர்களும்
சொல்ல முடியாத அவனும்
அந்த ஓரெழுத்தின் முன்
சமமாய்த் திணறியிருக்கிறார்கள்.

செப்டம்பரில் வேறு கையெழுத்து.
ஓரத்தில் யாரோ:
'ஜெர்மன்காரன் என்று போலீஸ் கொண்டுபோயிற்று.'
விரட்டிய நாட்டின் பேராலேயே
வந்த நாட்டில் விலங்கு.
நாலு மாதம் கழித்து
இடுப்பில் கோடு போட்ட ஏழு திரும்பி வந்தது.

நாற்பத்திரண்டு. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று
பட்டணமே மூட்டை கட்டி ரயிலேறியபோது
இவன் பட்டாளத்தில் பேர் கொடுத்தான்.
இன்னொரு முறை ஓட
அவனிடம் ஊர் இல்லை போல.

கடைசிப் பதிவு, அவன் கையால் அவனுக்கே:
இரண்டு ஜோடி, மைனஸ் நாலே கால்.
ஒன்று கையோடு.
ஒன்று திரும்பியதும்.
முன்பணம் மூன்று ரூபாய். பாக்கி 3-8-0.

திரும்பினான். அரக்கானிலிருந்து
காயம்பட்டோர் ரயிலில், பெரியாஸ்பத்திரிக்கு.
கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.
ஆறு நாள் கிடந்திருக்கிறான்.
யாருக்கும் சொல்லிவிடவில்லை.

நந்தம்பாக்கத்தில், புல் வெட்டிய வரிசைகளில்,
சிலுவைகளுக்கு நடுவே ஆறுமுனை நட்சத்திரம்.
வயது இருபத்துநாலு.
வெளியே மெட்ரோ வேலை. தூசி.
டிராயரில் எண்பது வருஷம் கிடந்த உறையைப் பிரித்து
அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.
என் கண்ணுக்கு அந்தப் பவர் ஒத்துவரவில்லை.
பேர் கரைந்தது, தேதி கரைந்தது,
நட்சத்திரம் ஒரு வெள்ளைத் தீற்றல்.
கழற்றித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.
ஒரு பேரேடு குறையும் என்றேன்.
"அது என்ன, ஒரு கிலோ இருக்குமா?" என்றார்.