முதல் மணி நேரம்

நேற்றிரவு மழை.
ஆய்வகத்தில் ஈரப்பதம் எழுபத்தெட்டு, ஏசி ரிப்பேர்.
பதினெட்டாயிரம் வோல்ட்டில் ஊசிமுனைத் துளி
கூம்பாகி, இழுபட்டு,
சவுக்காய்ச் சுழன்று
உருளையில் போய்ப் படிந்தது.
மைக்ரோஸ்கோப்பில் இழை இல்லை,
முடிச்சு முடிச்சாய்க் கருவேல நெற்று.
"நாகமலை மேல இருக்கிற மேகம் நகரட்டும்" என்று
மெஷினை அணைத்தாள் பரிதா.

போன மாத இழை நல்ல இழைதான்,
தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு கனம்.
இருபத்தொரு நாள் சிறுகச் சிறுக
விட வேண்டிய மருந்தில் பாதியை
முதல் மணி நேரத்திலேயே கொட்டிவிட்டது.
கிராஃபைப் பார்த்த கைடு
"உன்ன மாதிரியே இருக்கும்மா" என்றார்.

உண்மைதான்.
பெண் பார்க்க வந்தவரிடம் காபி ஆறுமுன்
அப்பாவின் குடி, நகைக்கடன்,
முடியாத நான்காம் வருடம்,
எல்லாம் சொல்லியிருந்தேன்.
அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாய்
போன்கூட வரவில்லை.

ஆறரைக்கு ஷேர் ஆட்டோ.
ஒச்சப்பன் அண்ணன் வலது குதிகாலில்
பழுப்பேறிய துணிக்கட்டு.
பிரேக்கை விரல்நுனியால் மிதிக்கிறார்.
"என்னம்மா வேலை?"
"நூல் நூக்குறேண்ணே."
"எந்த மில்லுல?"
"மில்லு இல்ல. ஒரே ஒரு சிரிஞ்சு.
புண்ணு மேல வைக்கிற நூலு.
உள்ள மருந்து இருக்கும்."
"கட்டுப் பிரிக்கையில
சதையோட பிச்சுக்கிட்டு வருமே?"
"பிரிக்கவே வேணாம். கரைஞ்சிரும்."
"கரைஞ்சிட்டா அப்புறம் எது புடிச்சு நிக்கும்?"
"உங்க தோலு. அதுக்குள்ள வளந்திருக்கும்."

அச்சம்பத்து தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்த்து:
"எப்ப வரும்?"

எலிகள், முயல்கள், அனுமதிக் காகிதங்கள்,
பத்து வருடம், வராமலும் போகலாம்.
எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன.
விராட்டிபத்தில் ஒன்று சொன்னேன்:
"அதுல தண்ணி படாம பாத்துக்கங்க."
காளவாசல் சிக்னலில் இன்னொன்று:
"நாளைக்கே பெரியாஸ்பத்திரி போங்க.
சுகர் பாக்கச் சொல்லுங்க."
"பாத்து ரெண்டு வருசமாச்சு" என்றார்.

இருபது ரூபாய் கொடுத்தேன்.
"செவ்வாக்கிழமையும் இதே நேரந்தானே?"
"ஆமாண்ணே."
மிச்சம் என்னிடம் இருக்கிறது.

நாளை வெயிலடித்தால்
ஊசிக்குள் ஊசி வைத்துப் பார்க்க வேண்டும்,
உள்ளே மருந்து, மேலே உறை.
பரிதாவுக்கு மெசேஜ் போட்டேன்.
"மொதல்ல ஏசி" என்று பதில் வந்தது.