இருபத்தைந்துக்கு

கோரிப்பாளையத்தில், தரைக்குக் கீழே,
வெயில் நுழையாத அறையில் இருக்கும் எந்திரத்துக்கு
ஒரு பெண்ணின் குரல்.
இந்தியில் சொல்லும்: மூச்சை இழு, அடக்கு.
ஒச்சம்மாவுக்குப் புரியவில்லை.
"யாரு பேசுறது?" என்று
தலைக்கு மேல் விளக்கைக் கேட்டார்.

பொத்தானை அணைத்துவிட்டு
மைக்கில் நானே சொன்னேன்:
தண்ணிக்குள்ள முங்குற மாதிரி
இழுத்து, அப்படியே வையிங்க.
"எங்கூருக் கெணத்துல தண்ணி ஏது?"
அந்தச் சிரிப்பே இருமலாகி
மூன்று நிமிடம் தின்றது.

வெளியே இன்னும் பதினோரு பேர்.
பிளாஸ்டிக் உடைக்குள் என் முதுகில்
வைகையில் இல்லாத தண்ணீர் ஓடியது.

எட்டு வினாடி போதும்.
அவரிடம் ஐந்துதான் இருந்தது.
ஆறாவதில் உதரவிதானம் துள்ளி
படத்தின் அடிப்பக்கம்
மை நகர்ந்த கல்யாணப் பத்திரிகைபோல்
இரண்டிரண்டாக விழுந்தது.

படம் கோவைக்குப் போகும்.
அங்கே டாக்டர் ஜெசிந்தா
பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எண்ணுவார்.
வலதுக்கு மூன்று பங்கு, இடதுக்கு இரண்டு;
இதயம் குடியிருக்கட்டும் என்று
இடது ஒதுங்கிக்கொண்டது.
(மதுரைக் கோர்ட்டில் எந்தத் தம்பியும்
இப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை.)
பங்குக்கு ஐந்து மதிப்பெண்.
தொட்டிருந்தால் ஒன்று,
கால் வரை இரண்டு, பாதி வரை மூன்று,
முக்கால் வரை நான்கு,
அதற்கும் மேலே போனால் முழுசாக ஐந்து.

இங்கே கறுப்புதான் காற்று.
வெளுத்ததெல்லாம் பால் என்கிறவர்கள்
ஒருநாள் இந்தத் திரை முன் உட்காரட்டும்.
முதல் வெளுப்பு பாத்ரூம் ஜன்னலின்
சொரசொரப்புக் கண்ணாடி;
பின்னால் ரத்தக்குழாய்கள் நிழலாட்டம் தெரியும்.
அடுத்தது காய்ந்த கண்மாயின் பொருக்கு.
அதற்கும் அடுத்ததில்
தெரிய ஒன்றுமில்லை.

மகன் காசிமாயன் மாடிப்படியில் இருந்தான்.
பன்னிரண்டாம் வகுப்பு.
தேர்வே வைக்காமல் எல்லோரையும்
பாஸ் போட்ட வருஷம் அது.
உறையை அவனே பிரித்தான்.
"இருபத்தஞ்சுக்குப் பதினெட்டு.
எழுபத்திரண்டு பர்சன்ட், அக்கா!"
முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது.

நான் விளக்கம் சொல்லக் கூடாது,
அது டாக்டர் வேலை.
"ஆம்புலன்ஸை விட்றாத.
தோப்பூருக்குப் போகச் சொல்லு, இப்பவே."
கணக்கு வராத பையன் இல்லை.
என் குரலிலிருந்து கழித்துப் பார்த்தான்.
தாளை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்,
மறுபடி எடுத்து விரித்தான்.

அதே வாரம்
ஏழு வாங்கிய சாயப்பட்டறை மேஸ்திரி,
செல்லூரிலிருந்து நடந்தே வந்தவர்,
வெள்ளிக்கிழமை தத்தனேரிக்குப் போனார்.
இருபத்தொன்று வாங்கியவர்
மாட்டுத்தாவணியில் எலுமிச்சை ஏலம் கூவுகிறார்,
மூன்று விலைக்கு ஒருமுறை
மூட்டையில் சாய்ந்துகொண்டு.
ஜெசிந்தா டாக்டரிடம் போனில் கேட்டேன்.
"எண்ணினது சரிதான்மா" என்றார்,
வெகுநேரம் கழித்து.

ஐப்பசியில் ஒரு மதியம்
ஒச்சம்மா மறுபடம் எடுக்க வந்தார்.
முடி பாதி கொட்டியிருந்தது.
காசிமாயன் உறையைக் கேட்கவில்லை,
படியிலேயே நின்றான்.
நான் மைக்கைத் தொடுமுன்
"தெரியும், முங்கணும்" என்றார்.

இழுத்தார்.
ஆறு. ஏழு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
எட்டு.
படம் முடிந்து திரை நின்றுவிட்டது.
ஒன்பது, பத்து, பதினொன்று…

புஸ்ஸென்று அவரே விட்டார்.
"ஏந் தாயி,
விடச் சொல்லவே இல்லியே நீ?"

சொல்வதற்கு
என்னிடமும் மூச்சில்லை அப்போது.