ஒன்பது மணிச் சரம்

முயல் எண் நாற்பத்தொன்று
என் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்தது.
கீரை தின்ற வாய், ஈரம்.
அதன் மூளைக்குள் இறக்கிய மயிரிழைக் கம்பியில்
டாக்டர் ஷ்டெக்லின் மின்சாரம் தட்டினார்,
குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல.
காதுகள் சரிந்தன.
வரைதாளில் பேனா
நெருக்கமான கிறுக்கலை விட்டு
அகல அகல அலை போடத் தொடங்கியது,
எங்கும் போய்ச் சேரவேண்டாத அலை.

தலையிலிருந்து இறங்கிவரும் இரத்தத்தைச்
சவ்வுக்கு அந்தப்பக்கம் வடித்தோம்.
குளிர் அறை, நாலு டிகிரி, கம்பளிக் கையுறை.
வடித்ததை வடித்து, உறையவைத்து, உலர்த்தி,
மிஞ்சியது குப்பியின் அடியில்
கஞ்சிக்கு உப்பாகக்கூடக் காணாத வெள்ளை.
ஒன்பது அமினோ அமிலம்.
டிரிப்டோபனில் தொடங்கிக்
குளுட்டாமிக் அமிலத்தில் முடியும் சரம்.
விழித்திருக்கும் இன்னொரு முயலுக்கு ஏற்றினால்
அதுவும் அந்த அலையிலேயே போய்ப் படுக்கிறது,
யாரோ தூங்கிய தூக்கத்தின் மிச்சத்தில்.
சில நாள் படுக்காது.
கொட்டக் கொட்ட விழித்து என்னையே பார்க்கும்.
அதையும் எழுதிவைப்பேன்.

ரூடி, படுக்கையில் தன் பாதியைச் சுருட்டிக்கொண்டு
முல்ஹவுஸுக்குப் போய்ப் பதினோரு மாதம்.
எனக்குக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.
ஒரு குப்பியைப் பைக்குள் நழுவவிட
எத்தனை நேரம் ஆகும்?
ஒருமுறை விட்டேன். டிராம் நிறுத்தம்வரை போனேன்.
ஆறாம் எண் வந்தது, கதவு திறந்தது, மூடியது.
திரும்பிவந்து வைத்துவிட்டேன்.

கார்னிவல் திங்கள், விடியாத நான்கு மணி.
மற்ற ஊர்கள் துஞ்சும் யாமத்தில்
பாசல் மட்டும் எழுந்து தெருவில் நிற்கும்.
விளக்கெல்லாம் ஒரே நொடியில் அணைய,
முரசு முரசு முரசு,
நூறு நூறாய்க் குழல்,
தலையில் விளக்கேந்திய முகமூடிகள்,
வறுத்த மாவு சூப்பின் வாடை.
ஆய்வகத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன.
மிரளுமே என்று கூண்டறைக்கு ஓடி
நாற்பத்தொன்றை மடியில் அள்ளி
வைக்கோல் கட்டில் சாய்ந்தேன்.
என் விரலடியில் அதன் நெஞ்சு
முரசைவிட விரைந்தது.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன்
அதனிடம்

டாக்டர் எழுப்பும்போது
மணி ஒன்பதே கால்.
என் கன்னத்தில் வைக்கோல் தடம்.
முயல் விழித்திருந்தது,
ஸ்வெட்டர் பொத்தானைக் கொறித்தபடி.

என்னைக் கேட்காமல்
அன்றைய பக்கத்தில் எழுதினார்:
ஹெடி தொம்மன். வயது முப்பத்தாறு.
மின்சாரம்: இல்லை. ஊசி: இல்லை.
காரணம்:

அதற்குப் பிறகு
பேனாவை மூடிச்
சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.