இருபத்தெட்டாயிரம் கன அடி

பென்னாகரம் தாண்டும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார்,
"பரிசல் ஓடாதும்மா, தண்ணி வந்துடுச்சு."
நாங்கள் இறங்கவில்லை.
தக்காளிச் சோறு கட்டியாயிற்று.
ஷம்ஷாத் மருந்துக்கடையைப் பூட்டியாயிற்று.
நாகவேணியின் விடுப்பில் மிச்சம் பதினொரு நாள்.

மலை வளைவுகளில்
யானைகள் கடக்கும் பகுதி என்ற பலகைகளை எண்ணினோம்.
பலகை ஆறு.
யானை இல்லை.

ஒகேனக்கல்லில் கரும்பலகை.
பிலிகுண்டுலு, காலை எட்டு மணி,
வினாடிக்கு இருபத்தெட்டாயிரம் கன அடி.
அந்த எட்டை யாரோ அழித்து மறுபடி எழுதியிருந்தார்கள்.
பலகைக்குக் கீழே கயிறு,
கயிற்றருகே செல்போன் பார்க்கும் ஊர்க்காவல் பையன்,
அவன் முதுகுக்குப் பின்னால்
செம்மண் குழம்பாய்க்
குடகில் என்றைக்கோ பெய்த மழை.

பரிசல்கள் தார் பூசிய முதுகைக் காட்டிக் கவிழ்ந்து கிடந்தன,
சந்தையில் விலைபோகாத சட்டிகள் மாதிரி.
ஓட்டிகள் சீட்டாடினார்கள்.
"நாளைக்கு வாங்க" என்றார் ஒருவர், நிமிராமல்,
நாளை என்பது அவர் கையிலிருக்கும் ஜோக்கர் போல.

எஸ்தர்தான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள்.
"எட்டு மாசம் டான்யூபுல கப்பல்ல போனவள
கூட்டியாந்து கரையில உக்கார வெக்கிறோமே."

நாகவேணி சிரித்தாள்.
"கப்பல்ல இருந்தேன்டீ. ஆத்துல இருந்தேனான்னு கேளு."

அவளுக்கு இருபத்திரண்டு அறைகள்.
வியன்னா வந்தால் பயணிகள் இறங்குவார்கள்,
தொப்பி, குடை, காதில் ஒரு கருவி,
எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தவள் பின்னால் வாத்துக்கூட்டமாய்.
அவர்கள் இறங்கினால்தான் இவள் அறைக்குள் நுழைய முடியும்.
"அவங்க கரைக்குப் போற நாளுதான் எனக்கு மெத்தவிரிப்பு நாளு.
புடாபெஸ்டுன்னா ஒரு பாலத்தோட அடிவயிறு.
பஸ்ஸாவுன்னா சலவை மிஷினுக்கு எதிர்ச் சுவரு."

அவள் அனுப்பிய படங்களையெல்லாம்
மின்வாரிய அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் நான்.
கோபுரம், பாலம், விளக்குகள்,
எல்லாவற்றிலும் இடது ஓரம் ஒரே கீறல்.
என் போனில்தான் கீறல் என்று நினைத்திருந்தேன்.
அது ஜன்னல் கண்ணாடி.

ஒரே ஒருமுறை நாற்பது நிமிடம் கிடைத்ததாம்.
ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.
பல்வலிக்கு மாத்திரை வாங்கி
மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.
ஆடாத தரை அவளை ஆட்டியிருக்கிறது.
எழுந்து கப்பலுக்கே போய்விட்டாள்.

"என்ன மாத்திரை? எத்தன மில்லிகிராம்?" என்றாள் ஷம்ஷாத்.

பிறகு மீன்.
செவுளைத் தூக்கிப் பார்த்து நாகவேணியே கெண்டையைப் பொறுக்கினாள்.
மாதம்மாளின் கடையில் மசாலா தடவி எண்ணெய்க்குள் இறக்கும்போது
"இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு" என்று
வாடிக்கையாளர் அதிகாரத்தோடு சொன்னாள்,
சொல்லிவிட்டு அவளே கூச்சப்பட்டாள்.
தக்காளிச் சோற்றைக் குரங்கு கொண்டுபோயிற்று,
ஊறுகாயை மட்டும் விட்டுவிட்டு.
தொங்கு பாலத்தில் நாங்கள் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொள்ள
அவள் கைவீசி நடந்தாள்,
முகமெல்லாம் சாரல்.

மணலில் படுத்தோம்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
எஸ்தர் குறட்டை விட்டாள்.

நாலரை மணிக்குப் பையன் பலகையைத் துடைத்து
இருபத்தாறாயிரம் என்று எழுதினான்.
மேலே பேருந்து நிலையத்தில் நீளமாக ஹாரன்.
நாகவேணி விருட்டென்று எழுந்தாள்.
இடுப்பில் இல்லாத ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.
எங்கள் தலைகளை எண்ணினாள்,
ஒன்று, இரண்டு, மூன்று.

அப்புறம் தன் கையைப் பார்த்தாள்.
மீன் மசாலா. மணல்.

"அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"
ஐந்தே முக்கால் என்றேன். எனக்குத் தெரியாது.
"அதுல போலாம்" என்று
படுத்த தடத்திலேயே மறுபடி படுத்தாள்.
எங்களை ஏற்றிக்கொள்ளாமலே
மேட்டூருக்குப் போய்க்கொண்டிருந்தது ஆறு.